பின்னிருக்கைப் பாரம்

ஜனவரி 9, வியாழன்

திருமதி சந்திரவதனி குலவீரசிங்கம் (என் மனைவி, இனி வதனி) மீது எனக்குள்ள குறைகள், திகதி வாரியாக:

1. நவம்பர் 17: நாட்டின் கிழக்கே, தமிழர் நிறைந்த மார்க்கம் நகரில் வசிக்கும் மகள் ஆரபியிடம் தொலைபேசியில், "வாற கோடைக்கு இஞ்ச எல்லாத்தையும் வித்துப்போட்டு அங்க வாறம், அப்பாவும் ஓமெண்டிட்டார்" என்று சொன்னது. அப்பா ஓமென்று சொல்லவில்லை. அப்பா செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார், "ம்" என்றார்.

2. டிசம்பர் 2: தனது பனியுடுப்பையும் தலைக்கவசத்தையும் தேவாலயத்தார் நடத்தும் பழைய பொருட்கடைக்குக் கொடுத்தது. அத்தலைக்கவசம் இப்போது கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் நாள்தோறும் அதன் முகத்தில் விழித்துப் போகிறேன்.

3. டிசம்பர் 21: கராஜில் நிற்கும் எனது பனியூர்தியின் மேல் ஈரத்துணி காயப்போட்டது.

4. ஜனவரி 4: என்னிடம் ஒரு சொல் கேளாமல் மேற்படி பனியூர்தியை விற்பனைக்கென இணையத்தில் விளம்பரம் செய்தது.

5. அவ்விளம்பரத்தின் வாசகம்: "பழையது. நன்றாக ஓடும். பின்னிருக்கை குலுக்கும்."

6. ஜனவரி 8: பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் அழைத்து, பெப்ரவரி 22 சனிக்கிழமை வந்து பார்த்து ஏற்றிப் போவதாகச் சொன்னபோது, "என் கணவருக்கு மிக்க மகிழ்ச்சி" என்று என் சார்பில் கூறியது. அப்போது நான் நித்திரை.

இக்குறிப்புகள் கோபத்தில் எழுதப்படுவன அல்ல. எனக்குக் கோபம் வருவதில்லை. பேராதனையில் பொறியியல் கற்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் இந்தச் சிறிய மலையூரில் இருபத்தாறு குளிர்காலங்களாகப் பாலங்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கி வருபவனுக்குக் கோபம் என்பது அளவையில் நேரும் பிழை. நான் பதிவு மாத்திரமே செய்கிறேன்.

மற்றவற்றை ஒருவாறு பொறுக்கலாம். ஐந்தாவதைப் பொறுக்க இயலாது. "குலுக்கும்" என்பது ஒரு பொறியியலாளனின் வீட்டிலிருந்து வெளியேறக் கூடாத சொல். ஆகவே வாங்குபவர் வருமுன் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றிப் புதுப்பிக்கத் தீர்மானித்துள்ளேன். குறையுள்ள பொருளைப் பிறர் தலையில் கட்டுவது முறையன்று. வேறு காரணம் இல்லை.

கடந்த மார்ச்சில் நிகழ்ந்தது பற்றி இருதரப்பும் பேசுவதில்லை என்பது இவ்வீட்டின் நடைமுறை. அது இப்பட்டியலில் சேராது.

ஜனவரி 11, சனி

பழைய கம்பளத்தை விரித்து வாகனத்தை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தேன்.

பதிவின் முழுமைக்காக: பனியூர்திக்கு முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாக நீண்ட இறப்பர்ப் பட்டி. அப்பட்டியின் வயிற்றுக்குள் இரு தண்டுகள், அதிர்வை வாங்கும் இரு ஷொக்குகள், சுருள்வில்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கூடு. அதுவே பின் சஸ்பென்ஷன். நான்கு போல்ட்டுகள் அதனை வண்டியோடு பிணைத்து வைத்திருக்கின்றன. ஓட்டுபவரின் பாரம் வண்டியின் நடுவில் பகிரப்படும். பின்னால் இருப்பவரின் பாரம் அப்படியே இக்கூட்டின் தலையில் விழும். பள்ளம் மேடு எதுவானாலும் முதலில் அறிவது அவருடைய முதுகெலும்புதான்.

இது மலை ஏறுவதற்கென்று ஒருவருக்காகவே செய்யப்பட்ட வாகனம். பின்னிருக்கை நான் பிற்பாடு பொருத்தியது.

வதனியின் தம்பி நிமலரூபன் காலையில் வந்து சேர்ந்தான். லொறி ஓட்டுகிறான், இந்தக் கணவாயைக் கடக்கும் வாரங்களில் சனிக்கிழமை எங்களோடு தங்குவான். கராஜ் வாசலில் நின்று, படுத்திருந்த வாகனத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன அத்தான், விக்கிற மாட்டுக்கு லாடம் அடிக்கிறியளோ?"

"விக்கிற மாடு நொண்டினா, மாட்டையில்லை, வித்தவனைத்தான்ரா சனம் சிரிக்கும்."

"உந்தக் காட்டுக்க சனம் எங்க கிடக்கு? கரடிதான் சிரிக்கும்."

மூன்று போல்ட்டுகள் கழன்றன. நான்காவது துருப்பிடித்து, உள்ளே இருக்கும் அச்சோடு சேர்ந்து சுற்றியது. ரூபன் ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் இழுக்க, இருவரும் சேர்ந்து உலகத்தில் உள்ள எல்லா எண்ணெயையும் அதற்கு ஊற்றினோம். வதனி தேநீரோடு வந்து, கதவு நிலையில் சாய்ந்து சிறிது நேரம் பார்த்தாள்.

"எனக்கு டொக்டர் நாலு ஆணியையும் ஒரு காலமைக்குள்ள பூட்டி முடிச்சவர். நீங்கள் ரெண்டு ஆம்பிளையள் சேர்ந்து ஒண்டைக் கழட்டக் காணேல்லை."

"அவருக்கு மயக்க மருந்து இருந்தது அக்கா," என்றான் ரூபன்.

"அத்தானுக்கும் ஊசி போட்டுப் பாரன்."

அவள் சொன்னது உண்மை. கடந்த பெப்ரவரியில் நடந்த சத்திரசிகிச்சையில் அவளது இடுப்பெலும்புக்கு மேல் இரண்டு தண்டும் நான்கு திருகாணியும் பொருத்தினார்கள். முதியோர் இல்ல வேலையில் பிறரைத் தூக்கித் தூக்கி வந்த கேடு. எக்ஸ்ரே படத்தை எனக்குக் காட்டினார்கள். சுத்தமான வேலை; அச்சு பிசகவில்லை. அந்த மருத்துவரிடம் ஒரு பாலத்தை நம்பிக் கொடுக்கலாம். டிசம்பரில் பார்த்தபோது, "நடக்கலாம், நீந்தலாம், விரும்பியதெல்லாம் செய்யலாம், குலுக்கம் மட்டும் ஆகாது" என்றார்.

தேநீரில் சீனி சரியாக இருந்தது. குறிக்கப்படுகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

நான்காவது கழன்றது.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். வெளியே இருபத்தாறு பாகை குளிர், பூச்சியத்துக்குக் கீழே. இவ்வூரில் சூரியன் மலைமுகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கக் காலை பத்து மணியாகிவிடும். ஆகவே எங்கள் பொங்கலும் பத்து மணிக்குத்தான் பொங்கும். வேலைக்குப் பிந்திப் போக அனுமதி பெற்றிருந்தேன்.

வதனி அடுப்படியில் நின்று கிண்டினாள். ஒரு கை கரண்டியில், மறு கை இடுப்பில். என்னை உதவிக்கு அழைக்கவில்லை. அழைக்காத இடத்தில் நிற்பது என் வழக்கமன்று. ஆயினும் கரண்டியை வாங்கிக் கிண்டினேன்.

"அடிப்பிடிக்கப் போகுது. அங்கால இங்கால எண்டில்லாமல் ஒரு பக்கமாக் கிண்டுங்கோ," என்றாள்.

இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒரு பக்கமாகத்தான் கிண்டி வருகிறேன்.

வேலை முடிந்து மாலையில் கராஜுக்குப் போனபோது, ஸ்பானர்களுக்கு நடுவில் ஒரு கிண்ணம் பொங்கல், மேலே முந்திரிகை. கழற்றி வைத்த பழைய ஷொக்கின் மேல் ஒரு திருநீற்றுக் குறி இருந்தது. ஆயுதங்களுக்கு நவராத்திரியில்தான் பூசை. இதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

பழைய ஷொக்குகளில் எண்ணெய் வற்றிவிட்டது. அமுக்கினால் மீளவில்லை. இரண்டு ஆண்டுகளாக இவை இறந்தே கிடந்திருக்கின்றன. அவள் இவற்றின் மேல் இருந்து வந்திருக்கிறாள். ஒருநாளும் சொல்லவில்லை. இது ஏழாவது குறையாகச் சேர்க்கப்படுகிறது.

வாயு நிரப்பிய புதிய ஷொக்குகளுக்கும் அவற்றுக்குரிய வில்களுக்கும் கட்டளை கொடுத்தேன். விற்பவர்கள் கேட்ட விபரம்: ஓட்டுபவரின் நிறை, பின்னிருப்பவரின் நிறை. அந்த அளவுக்கேற்ற வில்லைத்தான் அனுப்புவார்களாம். உள்ளே போனேன். வதனி ஆரபியோடு கதைத்து முடித்து, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், உம்மட நிறை எவ்வளவு?"

கத்தியை வைத்தாள்.

"ஏன், என்னையும் விளம்பரத்தில போடப் போறியளோ?"

"ஒரு கணக்குக்கு."

"என்ன கணக்கு?"

"வாங்கிற மனுசனுக்கும் மனிசி இருக்கலாம். ஒரு சராசரி வேணும்."

"அப்ப அவன்ட மனிசியைக் கேளுங்கோ."

கேட்டிருக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்: எழுபத்திரண்டு கிலோ. அத்தனை குளிர்காலங்கள் என் பின்னால் இருந்தவள். வளைவில் எவ்வளவு சாய்வாள், இறக்கத்தில் எவ்வளவு என் முதுகில் அழுந்துவாள் என்பதெல்லாம் என் தோள்களுக்கு மனப்பாடம். எழுபத்திரண்டு என்று எழுதி அனுப்பினேன்.

ஜனவரி 27, திங்கள்

இரவு முழுவதும் பனி. வாசலை வாரினேன். அவள் சன்னலில் நின்று, ஓரத்தில் விடுபட்ட இடங்களை விரலால் காட்டினாள்.

பெப்ரவரி 1, சனி

பொருட்கள் வந்து, கூட்டில் பொருத்தி, பட்டிக்குள் திரும்ப ஏற்றினேன். கழற்றுவதினும் ஏற்றுவது கடினம். கூட்டைப் பட்டியால் இறுக்கி அமுக்கி, துளைக்கு நேர் துளை வரும் கணத்தில் போல்ட்டைத் தள்ள வேண்டும். ரூபன் அந்தக் கணங்களில் எல்லாம் பேசினான். ஆயினும் நான்கும் ஏறின. எல்லா அச்சுக்கும் புதுக் கிறீஸ்.

அடுத்தது பாரம் வைத்துப் பார்த்தல். ஆட்கள் ஏறிய நிலையில் பின்புறம் ஒரு குறித்த அளவு பதிய வேண்டும். பதியாவிட்டால் வண்டி உதைக்கும். கூடப் பதிந்தால் அடிதட்டும். ஓட்டுபவர் இடத்தில் நான். பின்னிருக்கைக்கு ரூபன் உதவான். அவன் ஒரு குடும்பத்தின் நிறை. ஆகவே, அவன் வன்கூவரிலிருந்து லொறியில் ஏற்றிவந்து தந்த அரிசி மூட்டைகளை எடுத்தோம். மூட்டை ஒன்று பதினெட்டுக் கிலோ. நான்கு மூட்டை, எழுபத்திரண்டு. இருக்கையில் அடுக்கி, விழாமல் கட்டினோம்.

நான் ஏறி இருந்தேன். ரூபன் பின்னால் குந்தியிருந்து விரல் வைத்து அளந்தான்.

"அத்தான், ஒண்டு கேக்கட்டோ? விக்கிற மெசின். வாறவன் தனியத்தான் ஓடுவன் எண்டவன். பின்னுக்கு என்னத்துக்கு ஆள்ப்பாரம்?"

"அளவைச் சொல்."

"நாலு விரல். அத்தான், ஆரை ஏத்தப்போறியள்?"

"அளவை மட்டும் சொல் எண்டனான்."

அப்போது வதனி வந்தாள். மத்தியானச் சோற்றுக்கு அரிசி தேடியிருக்கிறாள்.

"உதென்ன, அரிசிக்கு ஊர் காட்டப் போறியளோ?"

ரூபன் வாயைக் கையால் மூடிக்கொண்டு அப்பால் திரும்பினான். அவள் இருக்கையைச் சுற்றி வந்து மூட்டைகளை எண்ணினாள். முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"நாலோ?"

"நாலு," என்றேன்.

மேல் மூட்டையில் கையை வைத்தாள். பிறகு, "தம்பி, உதில ஒண்டைத் தூக்கிக் குசினிக்க வை," என்றாள்.

"சோத்துக்கு ஒரு சுண்டு அரிசி காணுமே," என்றேன்.

"எனக்கு மூட்டைதான் வேணும்."

ரூபன் தூக்கிப் போனான். ஒரு பரிசோதனையின் நடுவில் பாரத்தை எடுப்பது எத்தகைய செயல் என்பதை நான் அவளுக்கு விளக்கவில்லை. அவள் போனபின், அதே நிறை வருமட்டும் என் ஸ்பானர்ப் பெட்டியில் இரும்புகளைப் போட்டு நிரப்பி அவ்விடத்தில் ஏற்றினேன். நாலு விரல். மிகச் சரி.

பெப்ரவரி 7, வெள்ளி

தேவாலயக் கடையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கினேன். கடையில் இருந்த மூதாட்டி, "இது உங்கள் மனைவியுடையது போல இருக்கிறதே" என்றார். பொதுவான அளவு என்றேன்.

பெப்ரவரி 8, சனி

காலை உணவின்போது வதனிக்கு அறிவித்தேன்: ஓட்டிப் பார்க்காமல் விற்க முடியாது, பரிசோதனைக்குப் பின்னிருக்கையில் ஒருவர் தேவை, காட்டுமரம் ஏற்றும் சமதளப் பாதையில், மெதுவாக, சிறிது தூரம் மட்டும்.

மறுப்பாள் என்று ஒரு பக்கம் விவாதம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "உடுப்பில்லையே," என்றாள்.

"ஆரபியின்ட பழசு மேல்வீட்டில கிடக்கு."

"ஹெல்மெட்?"

மேசைக்கடியிலிருந்து எடுத்து வைத்தேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள். இன்னும் ஒரு தோசை சுட்டு என் தட்டில் போட்டாள்.

ஆரபி பதினைந்து வயதில் பள்ளிக்கு அணிந்த பனியுடுப்பு. வதனிக்கு அது தொளதொளத்தது. நெடுநாள் மடித்து வைத்ததால் துணி விரிந்திருக்க வேண்டும்.

ஏறி இருந்தாள். இரண்டு கைகளும் என் இடுப்பைச் சுற்றி வந்து, முன்னால் பூட்டிக்கொண்டன. புறப்பட்டோம். முதல் நூறு மீற்றர் கண்ணாடி போலப் போயிற்று. பிறகு லொறிச் சக்கரங்கள் விட்ட ஒரு சிறிய திட்டு. வண்டியின் பின்புறம் பதிந்து எழவில்லை. கழுதை போல உதைத்தது. அடுத்த திட்டில் மறுபடியும். என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்து என்பதற்கு எங்களுக்குள் உள்ள அடையாளம் அது.

நிறுத்தினேன். அவள் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோகுதோ?"

"இல்லை."

பிறகு, வண்டியை இழுத்துவந்த கார் நின்ற பக்கமாகத் தனியே நடக்கத் தொடங்கினாள். வண்டியில் ஏறும்படி இரண்டு தரம் சொன்னேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். நான் எஞ்சினை அடக்கி ஓடவிட்டு, அவளுக்குப் பின்னால், அவள் நடக்கும் வேகத்தில் வந்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வில் அனுப்பிய நிறுவனத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அமைதியான கடிதம். எழுபத்திரண்டு கிலோவுக்கென்று கேட்டுப் பெற்ற வில், எழுபத்திரண்டு கிலோவுக்குப் பதியவில்லை. அவர்களது அலட்சியத்தால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்மணி உதைபட நேர்ந்தது. இதனை நான் இலகுவில் விடப்போவதில்லை. கடைசி வாக்கியத்தில் இருக்கும்போது வதனி வந்தாள்.

"ஆருக்கு எழுதிறியள்?"

"கொம்பனிக்காரருக்கு. வில் பிழை."

"வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். எழுபத்திரண்டு என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே போனாள். குளியலறைத் தராசைக் காலால் தள்ளித் தள்ளிக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். குனிந்து தூக்க அவளால் ஆகாது. என் முன்னால் அதில் ஏறி நின்றாள்.

"வாசியுங்கோ. எனக்குக் குனிய ஏலாது."

முழங்காலில் இருந்து வாசித்தேன். ஐம்பத்து நான்கு.

தராசு பிழையாக இருக்கும் என்றேன். "அப்ப நீங்கள் ஏறுங்கோ," என்றாள். ஏறினேன். தராசு சரி.

"மூண்டு மூட்டை," என்றாள். "அதுக்குத்தானே ஒண்டைத் தூக்குவிச்சனான். நீங்கள் இரும்புப் பெட்டியைத் தூக்கி வைச்சியள்."

"எப்பவிருந்து?"

"ஒப்பரேசனுக்குப் பிறகு அந்தக் குளிசையளோட சாப்பாடு இறங்கேல்லை. உடுப்பெல்லாம் ஊசி குத்தித்தானே போடுறன். இப்ப நோவு குறைஞ்சிட்டுது, பசிக்குது, இனி உடம்பு பிடிக்கும். அதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"ஏன் சொல்லேல்லை?"

"கேட்டனீங்களோ? கேட்டது அவன்ட மனிசிக்கு."

ஒரு பாலத்தின் பாரம் கால்பங்கு மாறினால், அதன்மேல் நடந்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும்.

கடிதத்தைக் கிழித்தேன். வில்லை இயன்றமட்டும் தளர்த்தினேன், போதவில்லை. மெல்லிய வில் ஒன்று விரைவுத் தபாலில் வருகிறது. இம்முறை ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். எழுத நேரம் எடுத்தது.

பெப்ரவரி 10, திங்கள்

இரவுணவு: வதனி, இடியப்பம் நான்கு. ஐந்தாவதை நான் வைத்தேன். திரும்ப என் தட்டுக்கு வந்தது. குறிக்கப்படுகிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஆறு. முட்டைச் சொதியோடு.

பெப்ரவரி 12, புதன்

"ஏன் என்ர வாயையே பாக்கிறியள்? விசரா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

வில் வந்தது. பூட்டினேன். பாரம் வைத்துப் பார்க்க மூட்டைகளைத் தேடிக் குசினிக்குப் போனேன். "நான்தான் இருக்கிறனே," என்று சொல்லி, வீட்டுச் செருப்போடு கராஜுக்கு வந்து, பின்னிருக்கையில் ஏறி இருந்தாள். தோளில் சால்வை. நான் அளந்தேன். கொஞ்சம் முன்னால் தள்ளி இரும் என்றேன். கொஞ்சம் பின்னால் என்றேன். அளவு முதல் முறையே சரியாக வந்துவிட்டது. மேலும் இரண்டு முறை அளந்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஏரிக்குப் போனோம்.

பரிசோதனை என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலையில் மரக்கறி ரோல்ஸ் பொரித்து, தாளில் சுற்றி, உறைந்துவிடாமல் உடுப்புக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்படித்தான் அவள் எப்போதும் கொண்டுவருவது. மலை உச்சியில் குளிர்ந்த காற்றில் அவள் கழுத்துப் பட்டியைத் திறந்தால் கறிவேப்பிலை மணக்கும்.

அதே திட்டுகள் வந்தன. வண்டியின் பின்புறம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் பதிந்து எழுந்தது. நான் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு விழவில்லை. காட்டுப் பாதை முடிந்து ஏற்றம் தொடங்கியது. ஆழப் பனியில் பட்டி கடித்து ஏறியது. வளைவில் நான் சாயும் முன்பே அவள் சாய்ந்தாள். அவள் பாரம் என் தோள்களுக்குப் புதிதாக இருந்தது; அதையும் படித்துக்கொண்டேன்.

ஏரி முழுவதும் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தினேன். ஆளுக்கு இரண்டு ரோல்ஸ். அவள் தன்னுடையதை முழுவதும் தின்றாள்.

"குலுக்கிச்சோ?"

"இல்லை. மெத்தை மாதிரி." விரலைத் துடைத்துக்கொண்டாள். "அந்த விளம்பரத்தில குலுக்கும் எண்டு ஏன் போட்டனான் எண்டு தெரியுமோ?"

"என்னை அவமானப்படுத்த."

"ஒருத்தரும் வாங்கப்படாதெண்டு."

"அப்ப ஏன் விக்கப் போட்டனீர்?"

ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இதில பின்னால இருக்கேக்க எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. விழுந்தா ரெண்டு பேரும்தானே. போன மார்ச்சில நீங்கள் தனிய வந்தியள். எனக்கு ஒப்பரேசன் செய்து ஆறாத புண். நிக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. சன்னலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இருட்டிப் போச்சு. ஆரைக் கூப்பிடுறது, எங்க எண்டு சொல்லுறது? பேந்து வந்து, 'பனி கொஞ்சம் ஆழம்' எண்டிட்டு, என்ன கறி எண்டு கேட்டியள்."

அன்றைய பனி கொஞ்சம் ஆழமல்ல. வண்டி மார்பளவு பனியில் புதைந்தது. மண்வாரியால் வெட்டி எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. விரல்களில் உணர்ச்சி போயிருந்தது. அவளைக் கலவரப்படுத்த வேண்டாமென்றே கறியைக் கேட்டேன். அன்றைக்கு என்ன கறி என்பது இப்போது எனக்கு நினைவில்லை, அவளுக்கு நினைவிருக்கிறது. கத்தரிக்காய்ப் பால்கறி.

"அப்ப மார்க்கம்?"

"மார்க்கத்தில மலை இல்லை. அதுதான் மார்க்கம்."

"உமக்கு அங்க போக விருப்பமோ?"

"பிள்ளை இருக்கு. கோயில் இருக்கு. ரூபன்ட லொறியைப் பாத்துக்கொண்டிராமல் முருங்கைக்காய் வாங்கலாம்." கையுறையை இழுத்து மாட்டினாள். "இஞ்ச இது இருக்கு," என்று ஏரிப் பக்கம் முகவாயால் காட்டினாள்.

"சனிக்கிழமை அந்த மனுசன் வாறான். என்ன சொல்லுறது?"

"உங்கட விருப்பம்."

திரும்பும் வழி முழுவதும் அவள் கன்னம் என் முதுகில் சாய்ந்திருந்தது. திட்டுகள் வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இப்பக்கம் கிழித்து வதனியின் தேநீர்க் கோப்பைக்கடியில் வைக்கப்படும்.

திருமதி சந்திரவதனி குலவீரசிங்கம் அவர்களுக்கு,

பெப்ரவரி 16 அன்று ஏரிக்கரையில் நடைபெற்ற பேச்சுவார்த்தை தொடர்பானது.

"உங்கட விருப்பம்" என்ற உமது விடை என்னால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. நமது திருமண வாழ்வில் வீடு வாங்கியபோதும், பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதும், இந்நாட்டில் எவ்வூர் என்று கேட்டபோதும் நீர் இதனையே சொன்னீர். ஒவ்வொரு முறையும் நான் என் விருப்பத்தைச் செய்து, அது உமது விருப்பமும் என்று எண்ணிக்கொண்டேன். இச்சொல்லை உமது வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. கை அப்படிச் சொல்லாது என்று நம்புகிறேன். ஆகவேதான் இதனை எழுத்தில் கேட்கிறேன்.

உமது தெரிவுக்கு இரண்டு முன்மொழிவுகள்.

ஒன்று: வாகனம் சனிக்கிழமை விற்கப்படும். கோடையில் மார்க்கம் செல்வோம். நான் உடன் வருவேன்; முகத்தைத் தொங்கப்போடேன். முருங்கைக்காய் வாங்கும் பையை நான் தூக்குவேன்.

மற்றது: வாகனமும் நாமும் இங்கேயே. இந்நிலையில், பின்னிருக்கையில் நீர் இல்லாமல் இவ்வாகனம் மலைப்பாதையில் ஓர் அடியும் ஏறாது. உமக்கு நோவென்றால் ஏறாது, மழையென்றால் ஏறாது, உமக்கு மனமில்லை என்றாலும் ஏறாது. சாவி உமது கைப்பையில் இருக்கும்.

இவ்விரண்டில் எதனை நீர் எழுதினாலும் நான் அதற்கு மறுவார்த்தை கூறேன், பெருமூச்சும் விடேன். உமக்கு எது வேண்டும் என்பதைக் கேளாமலே நான் நெடுங்காலம் அளவெடுத்து வந்துள்ளேன். இம்முறை கேட்கிறேன்.

உமது பதில், உமது கையெழுத்தில், பெப்ரவரி 21 வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முன் எனக்குக் கிடைத்தாக வேண்டும். வாய்மொழிப் பதிலோ, தலையசைப்போ, ஆரபி மூலமோ ரூபன் மூலமோ வரும் செய்தியோ ஏற்கப்படமாட்டாது. விளக்கம் ஏதும் தேவையாயின் நேரில் கேட்கலாம். நான் வீட்டில்தான் இருப்பேன். எங்கும் தனியே போகமாட்டேன்.

இப்படிக்கு,
குலவீரசிங்கம்